அந்துக்கு நாமகரணம்

சென்னையிலிருந்து மேற்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஸ்தலம் என்று பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற ஊர் அது. இப்போது அந்த ஊருக்கும், அதற்குத் தெற்கே உள்ள ஒரகடத்துக்கும் வேறொரு கீர்த்தியும் சேர்ந்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து மோட்டார் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றைச் சுற்றிலும் உதிரி உறுப்புகள் செய்யும் ஆலைகள் பெருகின. ஏரிக்கரைகளும் முட்புதர்களும் புன்செய்க் காடுகளுமாக இருந்த பிரதேசத்தில் இன்று இராப்பகலாக மின்சார விளக்குகள் எரிகின்றன.

அந்த விளக்குகளைச் சுற்றி ஒவ்வோர் இரவும் சிறு பூச்சிகள் வட்டமிடுகின்றன. விடியற்காலையில் கம்பத்தின் அடியில் அவை தூளாக உதிர்ந்து கிடக்கின்றன. பெருக்குகிறவர் துடைப்பத்தால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போகிறார். அதற்குமேல் அவற்றை விசாரிப்பார் இல்லை. இந்த வாரம் நேயர்களுடன் நாம் பேச விரும்புவது அந்தப் பூச்சிகளைப் பற்றித்தான். மோட்டார் வண்டிகள் ஆயிரக்கணக்கில் பிறக்கும் இடத்தில் பூச்சியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையுடன் மேலே படிக்க வேண்டுகிறோம். ஒரு சிறு பூச்சிக்குப் பெயர் இருப்பதிலும் இல்லாமலிருப்பதிலும் நமது தக்காளியும் எண்ணெயும் ஏரித் தண்ணீருங்கூட அடங்கியிருக்கின்றன.

முதலில் வீட்டிலிருந்தே தொடங்குவோம். பத்தாயத்திலும் குதிரிலும் நெல் வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்து என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. மூடியைத் திறந்ததும் குபீரென்று பறக்கும் வைக்கோல் நிறப் பூச்சி அது. அதன் புழு நெல்லுக்குள் புகுந்து அரிசியைத் தின்று, உமியை மட்டும் வெறுங்கூடாக விட்டுவிட்டு வெளிவருகிறது. வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு நம் பாட்டிமார்கள் அதனுடன் நெடுங்காலம் யுத்தம் நடத்தினார்கள். ஆனால் உலக சாஸ்திரத்தில் இந்த அந்துக்கு வழங்கும் ஆங்கிலப் பெயரோ பிரான்ஸ் தேசத்து மாகாணம் ஒன்றின் பெயர். 1760-ஆம் ஆண்டு வாக்கில் அங்கூமுவா என்னும் அந்த மாகாணத்தில் கோதுமையை இது பாழாக்கியபோது, துயமெல் த்யு மோன்ஸோ, தியே என்ற இரு அறிஞர்கள் அங்கே சென்று ஆராய்ந்து 1762-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். 1789-இல் ஒலிவியே என்பவர் அதற்கு சாஸ்திரீயமான பெயர் சூட்டினார். நம் வீட்டுப் பத்தாயத்தில் பிறந்து வளர்ந்த அந்து, உலகத்தின் பதிவேட்டில் பிரெஞ்சுப் பிரஜையாக இடம்பெற்றுவிட்டது!

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. யார் முதலில் உட்கார்ந்து, கூர்ந்து பார்த்து, எழுதி அச்சிட்டார்களோ அவர்கள் இட்ட பெயர் நிலைத்தது. அவ்வளவுதான்.

வண்ணத்துப்பூச்சிகளும் அந்துகளும் ஒரே பெரிய குலத்தைச் சேர்ந்தவை. இறகில் செதில் செதிலாகத் தூள் படிந்திருப்பது அக்குலத்தின் அடையாளம். இதுவரை பெயர் பெற்றவை சுமார் 1,60,000 இனங்கள். அவற்றுள் வண்ணத்துப்பூச்சிகள் பதினெட்டாயிரம் அளவுக்குத்தான் தேறும். மற்றவை எல்லாம் அந்துகளே. இந்தியாவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அந்து இனங்கள் பதிவாகியிருக்கின்றன. பகலில் உலாவும் சிறுபான்மையினருக்கு நம் சித்திரக்காரர்களும் கவிஞர்களும் எவ்வளவோ மரியாதை செய்திருக்கிறார்கள். இரவில் உலாவும் பெரும்பான்மையோரை நாம் கவனிப்பதே இல்லை. அவர்களிலும் விரித்த சிறகு ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்ற அளவில் உள்ள சிற்றந்துகளின் நிலைமை இன்னும் பரிதாபம். உஷ்ணப் பிரதேசங்களில் புதிதாகக் கண்டறியப்படும் அந்துகளில் பல இந்த அளவினவே.

விட்டில் பூச்சி விளக்கின்மேல் மோகங்கொண்டு வந்து மடிகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். 2024-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இந்தப் பழியை நீக்கிவிட்டது. வேகமாகப் படம் பிடிக்கும் காமிராக்களைக் கொண்டு ஸாமுவேல் ஃபேபியன் முதலிய விஞ்ஞானிகள் பூச்சிகளின் பறப்பைப் பார்த்தார்கள். இரவில் பறக்கும் பூச்சி, வெளிச்சம் உள்ள பக்கமே வானம் என்று கொண்டு, தன் முதுகை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு பறக்கிறதாம். கோடானுகோடி ஆண்டுகளாக வானம் பூமியைவிட வெளிச்சமாகவே இருந்தது. அந்த வழக்கம் அதைக் காப்பாற்றிவந்தது. விளக்குக் கம்பம் வந்த பிறகு, முதுகைத் திருப்பித் திருப்பி விளக்கையே சுற்றும்படி நேர்ந்துவிட்டது. ஆகவே விட்டில் விளக்கை நோக்கி ஓடிவரவில்லை. அகப்பட்டுக்கொண்டு தவிக்கிறது.

இந்த இயல்பே ஆராய்ச்சியாளருக்கு உபகாரமாக இருக்கிறது. அமாவாசையை ஒட்டிய இரவில், இரு கம்புகளுக்கு நடுவே வெள்ளை வேஷ்டியைக் கட்டி, முன்னால் பிரகாசமான விளக்கு ஒன்றை ஏற்றிவைத்து அவர் காத்திருக்கிறார். வந்து அமரும் சிறு பூச்சிகளைக் கண்ணாடிக் குப்பிகளில் பிடிக்கிறார். மயிரிழை போன்ற ஊசியில் குத்தி, இறகுகளை விரித்து உலர்த்துகிறார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு சீட்டு இருக்க வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி, பிடித்தவர் யார் என்பதெல்லாம் அதில் எழுதப்படுகின்றன. சீட்டில்லாத பூச்சி எவ்வளவு அழகாயிருந்தாலும் சாஸ்திரத்துக்குப் பெரும்பாலும் பயன்படாது.

பிடித்த பூச்சி புதிய இனந்தான் என்று எப்படித் தீர்மானிப்பது? மேலுக்குப் பார்த்தால் நூறு அந்துகள் ஒன்றுபோலச் சாம்பல் நிறமாக இருக்கும். இறகின் நரம்புகள் எப்படிக் கிளைக்கின்றன, தலைக்கு முன்னே வளைந்து நிற்கும் உணர் உறுப்புகளின் நீளம் என்ன என்று முதலில் பார்க்கிறார்கள். அதுவும் போதாது. வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்துக் காரத்தில் இட்டு மென்மையாக்கி, அதனுள்ளே இருக்கும் இனவிருத்தி உறுப்புகளைப் பிரித்துச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பூதக்கண்ணாடியால் ஆராய்கிறார்கள். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரண்டு அந்துகள் இந்த இடத்தில் வேறுபட்டு நிற்கும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, ஒவ்வோர் இனத்துக்கும் இந்த அமைப்பு தனி. 2003-ஆம் ஆண்டு முதல் இன்னொரு சோதனையும் கைகொடுக்கிறது. உயிரணுவில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபுச் சரத்தில் சுமார் 650 எழுத்துக்களைப் படித்து, அதை ஏற்கெனவே பதிவான இனங்களோடு ஒப்பிடுவது அது. கனடா தேசத்து விஞ்ஞானி பால் ஹெபர்ட் அதைப் பிரபலமாக்கினார்.

இத்தனையும் பார்த்து, இதுவரை பெயர் சூட்டப்பட்ட எதனோடும் ஒத்துப்போகவில்லை என்று கண்ட பிறகுதான் நாமகரணம். அதற்கும் சாஸ்திரோக்தமான முறை உண்டு. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலே மிருக வர்க்கங்களின் பெயர்களுக்கு ஆதி கிரந்தம். குடும்பப் பெயரும் சொந்தப் பெயருமாக ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்கள். பெயரை அச்சில் வெளியிட வேண்டும்; வர்ணனை வேண்டும்; மற்ற இனங்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, ஒரு பூச்சியை மூல மாதிரி என்று குறித்து, யாரும் வந்து பார்க்கக்கூடிய ஒரு பொதுக் காட்சிசாலையில் வைத்துவிட வேண்டும்.

மூல மாதிரி என்பதை ஒரகடத்துத் தொழிலாளருக்கு எளிதில் விளக்கிவிடலாம். ஆயிரக்கணக்கான உறுப்புகளை வார்க்கும் ஆலையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரே ஓர் உறுப்பைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். பூச்சி சாஸ்திரத்திலும் அப்படியே. இருநூறு ஆண்டுகள் கழித்து எவனாவது ஒருவன், "இந்தப் பெயர் எந்தப் பூச்சிக்கு உரியது?" என்று கேட்டால், அந்த ஒரு மாதிரிதான் சாட்சி சொல்லும்.

பெயர் வைப்பவருக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு. ஊரின் பெயரை வைக்கலாம். ஆசிரியரின் பெயரை வைக்கலாம். தம் சொந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது மரியாதையல்ல என்று கருதப்படுகிறது. 2017 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஒரு சிற்றந்துக்குப் பெயர் சூட்டிய வாஸ்ரிக் நஸாரி என்ற விஞ்ஞானி, அதன் தலையில் வெளிர் மஞ்சள் நிறச் செதில்கள் சிகையலங்காரம் போல் எழும்பி நிற்பதைக் கண்டார். அப்போது பதவியேற்க இருந்த அமெரிக்க ஜனாதிபதியின் ஞாபகம் வந்தது. "நியோபால்ப்பா டொனால்ட்ரம்ப்பி" என்று வைத்துவிட்டார். வேடிக்கை ஒருபுறமிருக்க, அந்த இனத்தின் வாசஸ்தலம் அழிந்துவருவதைப் பக்கத்திலுள்ள ஜனங்கள் கவனிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். இந்த அந்தும் நம் நெல் அந்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் நேயர்கள் மனத்தில் வைக்க வேண்டுகிறோம். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொருவர் சற்று நேரத்தில் வரப்போகிறார்.

* * *

நம் நாட்டு அந்துகளுக்குப் பெயர் சூட்டிய வரலாறு சுவையானது. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்த ஜார்ஜ் ஹாம்ப்ஸன் என்ற ஆங்கிலேயருக்கு அந்துகளின்மேல் பித்துப் பிடித்தது. 1891-இல் நீலகிரி ஜில்லாவின் அந்துகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிறகு லண்டன் காட்சிசாலையில் அமர்ந்து, 1892 முதல் 1896 வரை இந்திய அந்துகளைப் பற்றி நான்கு பெரிய சம்புடங்கள் வெளியிட்டார். இன்றைக்கும் நம் மாணவர்கள் அவற்றைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

சிற்றந்துகளுக்கோ எட்வர்ட் மெய்ரிக் என்பவர் வாய்த்தார். 1854-இல் பிறந்த இவர் இங்கிலாந்தில் மார்ல்பரோ என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த உபாத்தியாயர். உலகின் நாலா திசைகளிலிருந்தும் தபாலில் வந்த பூச்சிகளைக் கைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, 14,000-க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் சூட்டினார். நம் பக்கத்திலிருந்து அவருக்குப் பூச்சிகளை அனுப்பியவர்களில் முக்கியமானவர் பெயின்ப்ரிக் ஃப்ளெட்சர். கோயம்புத்தூரில் சென்னை அரசாங்கத்தின் பூச்சியியல் அதிகாரியாக இருந்து, 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலை வெளியிட்டவர் அவர். கோயம்புத்தூர் வயலில் பிடிபட்ட அந்து கப்பலேறிப் போய், இங்கிலாந்தில் ஓர் உபாத்தியாயர் மேஜையில் லத்தீன் பெயர் பெற்று, கடைசியில் லண்டன் காட்சிசாலையின் இழுப்பறையில் குடியேறியது. மூல மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் நம் மாணவனும் கப்பலேற வேண்டியதாயிற்று.

அவர்கள் செய்த வேலையைக் குறைத்துப் பேச நாம் முன்வரவில்லை. பிறர் நாட்டவர் வந்து நம் வீட்டுப் பூச்சிகளை எண்ணி எழுதிவைத்திராவிட்டால் இன்று நமக்குப் புரட்டிப் பார்க்க ஏடே இராது. ஹாம்ப்ஸன் இலங்கை அந்து ஒன்றை 1893-இல் வர்ணித்தார். "மிமியுஸேமியா ஸெய்லோனிகா" என்பது அதன் பெயர். 2013-ஆம் ஆண்டில் களக்காடு-முண்டந்துறை வனப்பகுதியின் ஓரத்தில் அது தென்பட்டது. பழைய வர்ணனையோடு ஒப்பிட்டு அதை அடையாளங்கண்டு 2020-இல் நம் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். நூற்றிருபத்தேழு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து உதவிய விதம் அது. எழுதிவைத்தது என்றைக்கும் வீண்போவதில்லை.

ஆனால் எழுதியது போக எழுதாமல் விட்டது எவ்வளவோ உண்டு. அதிலேதான் ஆபத்து இருக்கிறது.

1917-ஆம் ஆண்டில் மெய்ரிக்கின் மேஜைக்குத் தென் அமெரிக்காவிலிருந்து ஓர் அந்து வந்தது. பெரு தேசத்தில் ஹுவாங்காயோ என்ற மலையூரில் பிடிபட்டது. விரித்த சிறகு சுமார் ஒரு சென்டிமீட்டர், சாம்பல் நிறம், பார்வைக்கு எந்த விசேஷமும் இல்லை. நம் நெல் அந்தின் குடும்பந்தான். அவர் அதற்கும் "அப்ஸலூட்டா" என்று ஒரு பெயர் கொடுத்துச் சில வரிகள் எழுதி அச்சிட்டு, அடுத்த பூச்சிக்குப் போய்விட்டார். அது இன்னதென்று அன்றைக்கு எவரும் கவலைப்படவில்லை. அரை நூற்றாண்டுக்குள் அந்த அந்து தென் அமெரிக்கத் தக்காளித் தோட்டங்களுக்கு யமனாக மாறியது. 2006-இல் ஸ்பெயினில் இறங்கியது. அங்கிருந்து ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் சுற்றிக்கொண்டு 2014-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் முதலில் தென்பட்டு, பிறகு தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் புகுந்தது. பெண் அந்து ஒன்று தன் வாழ்நாளில் இருநூற்றைம்பது முட்டைகள் வரையில் இடும். புழு இலைக்குள்ளும் காய்க்குள்ளும் துளைத்துத் திரிவதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. கவனியாமல் விட்டால் முழு விளைச்சலும் போய்விடும்.

இந்தச் சந்தர்ப்பத்தில் நம் விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்தது எது? பழைய பெயர்தான். புழுவை வளர்த்து, வெளிவந்த அந்தின் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து, இது மெய்ரிக் பெயரிட்ட அப்ஸலூட்டாவே என்று உறுதி செய்தார்கள். பெயர் தெரிந்தவுடன் அதன் ஜாதகமே கைக்கு வந்துவிட்டது. எந்தச் செடியைத் தின்னும், எத்தனை நாளில் வளரும், அதன் பெண் எந்த வாசனையால் ஆணை அழைக்கும் என்பதையெல்லாம் பிற நாட்டார் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்கள். அந்த வாசனையைச் செயற்கையாகச் செய்து பொறியில் வைத்தால் ஆண் அந்துகள் வந்து விழுகின்றன. அப்ஸலூட்டாவின் வாசனைக்கு அப்ஸலூட்டாதான் வரும். பக்கத்து வீட்டு அந்து எட்டிப் பார்க்காது. பெயரில் பிழை இருந்தால் பொறியில் ஒரு பூச்சியும் விழாது.

நம்மிடமிருந்து வெளியே சென்றவையும் உண்டு. எலுமிச்சை, நாரத்தை இலைகளில் வெள்ளிக் கோடு போல் வளைந்து வளைந்து செல்லும் துளையை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அதைச் செய்யும் மிகச் சிறிய அந்துக்கு 1856-இல் கல்கத்தாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் பெயர் சூட்டினார். 1993-இல் அது அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் தோட்டங்களுக்குச் சென்று சேர்ந்தது. பூச்சிகளுக்குச் சுங்கச் சாவடி கிடையாது.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பூச்சிகளிலேயே மற்றொரு சாட்சி, அந்து அல்ல, ஒரு சிறு வண்டு. நீர்நிலைகளை மூடிவிடும் ஸால்வீனியா என்ற களையை, கேரளத்தார் ஆப்பிரிக்கன் பாயல் என்கிறார்கள். நெடுங்காலம் அதை வேறோர் இனமாகக் கருதியிருந்தார்கள். 1972-இல்தான் அது தனி இனம் என்று மிட்சல் என்பவர் காட்டினார். அதைத் தின்னும் வண்டு என்று எண்ணி, பார்வைக்கு ஒத்திருந்த வேறொரு வண்டைப் பல நாடுகளில் விட்டுப் பார்த்துத் தோற்றார்கள். பிறகு களையின் பிறப்பிடமான பிரேஸிலிலிருந்து கொண்டுவந்த இரண்டு மில்லிமீட்டர் வண்டை 1980-இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஏரியில் விட்டார்கள்; ஏரி சுத்தமாயிற்று. முந்தைய வண்டும் இதுவும் வேறு வேறு இனங்கள் என்பது அப்புறந்தான் விளங்கியது. 1985-இல் இதற்குத் தனிப்பெயர் சூட்டப்பட்டது. 1983 முதல் பெங்களூரிலும் கேரளத்திலும் இதே வண்டு வந்து வேலை செய்தது. இரண்டு வண்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் மயிரிழை அளவு. ஏரி பிழைப்பதும் சாவதும் அந்த மயிரிழையில் தொங்கியது.

* * *

இப்போது நிலைமை எப்படி? மனத்துக்குத் திருப்தியளிக்கும் செய்தி ஒன்றைச் சொல்கிறோம். ஆந்திரதேசத்தில் எண்ணெய்ப்பனை பயிராகிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த மரம் அது. அதன் ஓலையைத் தின்னும் புழு ஒன்று தோட்டங்களில் தென்பட்டது. அது என்ன புழு? எந்தப் புத்தகத்திலும் இல்லை. புழுவை வளர்த்து அந்தாக்கி, அந்தைப் பிரித்து ஆராய்ந்து, அது உலகத்துக்கே புதிய இனம் என்று ஷஷாங்க், சரவணன், காளிதாஸ் முதலிய நம் நாட்டு விஞ்ஞானிகள் 2015-இல் வெளியிட்டார்கள். பெயர், "ஆக்ரியா மெய்ரிக்கி." ஆம், அந்த ஆங்கில உபாத்தியாயரின் பெயரையே சூட்டினார்கள்! முன்பு நம் பூச்சி கப்பலேறிப் போய் அவரிடம் பெயர் பெற்றது. இப்போது அவர் பெயர் இங்கே வந்து நம் பூச்சிக்கு ஆபரணமாயிற்று. குரு காணிக்கை செலுத்துவதில் நம்மவர்கள் குறை வைக்கவில்லை.

இந்த இனம் மனிதர் கால் படாத கானகத்தில் அகப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரிசையாக நட்டு, உரமிட்டு, கூலியாட்கள் தினந்தோறும் நடமாடும் தோட்டத்தில் பெயரில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தது. 2021-இல் எண்ணெய்ப்பனைச் சாகுபடியைப் பெருக்க இந்திய அரசாங்கம் ஒரு பெருந்திட்டம் வகுத்திருக்கிறது. பல லட்சம் ஏக்கரில் மரம் நடப்போகிற தேசத்துக்கு, அந்த மரத்தைத் தின்னும் புழு யார் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய சகாயம்!

பெயரில்லாத உயிர்கள் நகரத்திலும் இருக்கும். 2015-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்தில் வீட்டுக் கொல்லைகளில் பொறி வைத்து, மூன்றே மாதங்களில் பிடித்தவற்றிலிருந்து முப்பது புதிய ஈ இனங்களை எமிலி ஹார்டாப் என்பவர் வெளியிட்டார். சினிமா நட்சத்திரங்களின் கொல்லையில் முப்பது என்றால், கிளுவையும் காரையும் சூரையும் களாவும் நுணாவும் இன்னும் மிஞ்சியிருக்கும் காஞ்சிபுரம் ஜில்லாப் புதர்களையும், ஏரிக்கரைக் கோரைகளையும் தேடிப் பார்ப்பது தகுதியான வேலையே அல்லவா? பல சிற்றந்துகளின் புழுக்கள் ஒரே வகைச் செடியை மட்டும் தின்று உயிர் வாழ்பவை. அந்தச் செடி நின்ற இடம் சிமெண்டுத் தரையானால், செடியுடன் பூச்சியும் போகிறது. மரத்தில் கூடு கட்டும் குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவைத்தான். புழு போனால் குருவியும் வேறு ஊர் பார்க்கிறது.

தொழிற்சாலைகள் வேண்டாமென்று நாம் சொல்லப் போவதில்லை. அந்தப் பிரதேசத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அவற்றால் எரிகிறது. கிராமத்துப் பெண்கள் சீருடை அணிந்து சம்பளம் வாங்குவதைப் பார்த்து நாம் பெருமை கொள்கிறோம். நாம் கேட்பது சொற்பம். ஒரு நிலத்தைச் சமன் செய்யுமுன் மரங்களை எண்ணுகிறார்கள், மண்ணைச் சோதிக்கிறார்கள், தண்ணீரை அளக்கிறார்கள். அதோடு, கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு இரவுகள் வெள்ளை வேஷ்டி ஒன்றைக் கட்டி விளக்கேற்றிப் பார்க்கலாம். ஆலை எழுந்த பிறகும், மதிலுக்குள் வளர்க்கும் பசுமைப் பகுதியில் அந்த ஊர்ச் செடிகளுக்கு ஒரு மூலை ஒதுக்கலாம். வேண்டாத இடத்தில் எரியும் விளக்கை அணைத்தால் மின்சாரமும் மிச்சம்; பூச்சிக்கும் இருட்டுக் கிடைக்கும்.

நம் கலாசாலை மாணவர்களுக்கு இது கைக்கெட்டாத காரியமும் அல்ல. 2012 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதக் கடைசியில் உலகத்தின் பல நாடுகளிலும் அந்து வாரம் கொண்டாடுகிறார்கள். சிறுவர் முதல் பெரியவர் வரை விளக்கேற்றி, வந்த பூச்சிகளைப் படம் பிடித்துப் பட்டியல் எழுதுகிறார்கள். நமது கைபேசியில் உள்ள காமிராவே இதற்குப் போதும். சந்தேகம் வந்தால் விசாரிப்பதற்குச் சென்னையிலேயே இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. கோயம்புத்தூரில் விவசாய சர்வகலாசாலை இருக்கிறது. பெங்களூரில் பூச்சிகளுக்கென்றே தேசிய ஸ்தாபனம் இருக்கிறது.

மாதிரிகளைப் பத்திரமாக வைத்துக் காப்பதும் பெயர் சூட்டுவதற்குக் குறைந்த காரியமல்ல. 2018 செப்டம்பரில் பிரேஸிலின் ரியோ டி ஜனீரோ நகரத்துத் தேசியக் காட்சிசாலை தீப்பற்றி எரிந்தபோது, லட்சக்கணக்கான பூச்சி மாதிரிகள் ஒரே இரவில் சாம்பலாயின. பல இனங்களின் மூல சாட்சிகள் அதோடு போயின. நமது காட்சிசாலைகளின் கூரைக்கும் மின்சாரக் கம்பிக்கும் செலவிடும் பணத்தை வீண் செலவு என்று எண்ணும் அதிகாரிகள் இந்தச் செய்தியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

2002-ஆம் ஆண்டின் உயிர்ப் பன்மைச் சட்டம் ஒரு நல்ல விதி செய்திருக்கிறது. இந்தியாவில் புதிய இனம் ஒன்றைக் கண்டவர், அதற்கென நியமிக்கப்பட்ட ஸ்தாபனத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். ஆகவே இனிமேல் கோயம்புத்தூர் அந்தைப் பார்க்க நம் மாணவன் கப்பலேற வேண்டியதில்லை. 2023-இல் மேகமலையில் கண்டறிந்த வண்ணத்துப்பூச்சிக்கு அந்த மலையின் பெயரையே சூட்டி, "ஸிகாரிட்டிஸ் மேகமலையென்ஸிஸ்" என்று நம்மவர்கள் உலகப் பதிவேட்டில் எழுதினார்கள். தேனி ஜில்லாவின் ஒரு மலைப்பெயர் அப்படி ஏறியிருக்கும்போது, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஏரிக்கும் கரட்டுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டலாகாது என்று விதி ஏதும் இல்லை. தேவைப்படுவதெல்லாம் ஒரு வெள்ளை வேஷ்டி, ஒரு விளக்கு, இரவில் கண்விழிக்கத் தயாரான இரண்டு பிள்ளைகள், ஊரும் தேதியும் ஒழுங்காக எழுதிய ஒரு சீட்டு. வருகிற ஜூலை மாதக் கடைசியில் நேயர்கள் தத்தம் வீட்டு மொட்டை மாடியிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.